டிவிடியில் 4.7 ஜிபி, கணினியில் 4.38 ஜிபி: மீதி எங்கே போச்சு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழையில் தூத்துக்குடி மாவட்டமே தத்தளித்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் அரிசி, துணிமணியோடு அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் கல்யாண டிவிடியும் நனையும். பல வீடுகளில் அந்த வீடியோவுக்கு வேறு பிரதியே இருக்காது. அடுத்த மழைக்குள் பென் டிரைவில் ஏத்திவிடலாம் என்று உட்கார்ந்தால், கணக்கு இடிக்கிறது.

ஏமாத்திட்டாங்களா?

இல்லை. டிவிடி தயாரிப்பாளர்களுக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸ் கணினிக்கோ 1,024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107.37 கோடி பைட்தான் ஒரு ஜிபி. டிவிடியில் இருப்பது 470 கோடி பைட். அதை 107.37 கோடியால் வகுத்தால் 4.38.

துறைமுக ஊருக்கு இது புதுசு இல்லை. மெட்ரிக் டன் 1,000 கிலோ. பழைய லாங் டன் 1,016 கிலோ. 1,016 மெட்ரிக் டன் உப்பை லாங் டன்னில் சொன்னால் 1,000தான். உப்பு குறையவில்லை, அளவை மாறியிருக்கிறது.

இதே கணக்கில் 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடி 7.9 ஆகவும், 25 ஜிபி புளூரே 23.3 ஆகவும் தெரியும். சிடி மட்டும் விதிவிலக்கு. அதன் 700 எம்பி, 1,024 கணக்கில் போடப்பட்டது. அதனால் கணினியிலும் குறையாது.

தப்பு எங்கே நடக்கிறது?

32 ஜிபி பென் டிரைவில் எத்தனை முழு டிவிடி பிடிக்கும்? கணினியில் தெரியும் 4.38-ஆல் 32-ஐ வகுத்தால் ஏழு என்று வரும். ஆனால் ஏழாவது ஏறாது. 32 என்பது உறையில் அச்சான எண், 4.38 திரையில் தெரியும் எண். இரண்டையும் கலக்கக் கூடாது. 32-ஐ 4.7-ஆல் வகுத்தாலும், திரையில் தெரியும் 29.8-ஐ 4.38-ஆல் வகுத்தாலும் விடை ஆறுதான்.

இடம் இருந்தும் ஏறலையா?

முழு டிவிடியையும் ஒரே ஃபைலாக மாற்றியிருந்தால் அது 4 ஜிபியைத் தாண்டும். 32 ஜிபி வரையிலான பென் டிரைவ்கள் பெரும்பாலும் 'ஃபேட்32' முறையில் வருபவை. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு ஃபார்மேட் செய்தால் ஏறும். ஆனால், ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். காலி பென் டிரைவில் மட்டும் செய்யுங்கள்.

ஏற்றி முடித்ததும் வீடியோவைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பழைய டிவிடியைத் தூக்கிப் போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.