அவசரத்தை மண்டபம் ஸ்டேஷனிலேயே இறக்கிவிடுங்கள்

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் காலை 6 மணிக்கு நின்றால் இந்தக் காட்சியைத் தினமும் பார்க்கலாம். இரவெல்லாம் உட்கார்ந்தே வந்த குடும்பம் ஒன்று கடலில் முங்கி எழுந்து, சொட்டச் சொட்ட 22 தீர்த்தங்களுக்கு ஓடும். துணி மாற்றி, தரிசனம் முடித்து, இட்லியை விழுங்கிவிட்டு ஆட்டோவில் ஏறும். தனுஷ்கோடி, கோதண்டராமர் கோயில், ராமர் பாதம், கலாம் நினைவிடம், பாம்பன் பாலம். இரவே திரும்பும் ரயில்.

முதல் தடவை அம்மாவை நானும் அப்படித்தான் கூட்டிப்போனேன். மானாமதுரை தாண்டும்போது, "பிரகாரத்தைப் பார்த்தேனா இல்லையான்னே ஞாபகம் இல்லப்பா" என்றார். அந்தச் சொல் ரொம்ப நாள் உறுத்தியது. அடுத்த தடவை முதல் நாளை வேறு மாதிரி வைத்துக்கொண்டோம். பெரியவர்களோடு ராமேஸ்வரம் போகிற எல்லோருக்கும் அதையே சொல்கிறேன்: முதல் நாள் தீர்த்தமாடலும் வேண்டாம், தனுஷ்கோடியும் வேண்டாம்.

தீர்த்தமாடக் கோயிலுக்குள் கிணறு கிணறாகப் போய்த் தலையில் வாளித் தண்ணீர் வாங்க வேண்டும். தூக்கமில்லாத கால்கள் நனைந்த கல்தரையில் வழுக்கும். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடவும் மாட்டார்கள். தனுஷ்கோடியில் உச்சிவெயிலுக்கு ஒதுங்க நிழல் கிடையாது. அதைவிட முக்கியம், 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஒரு பயணிகள் ரயிலோடு ஊரையே கொண்டுபோன மண் அது. இடிந்த தேவாலயச் சுவர் முன்னால் பத்து நிமிஷம் நின்று படம் எடுத்துத் திரும்புவது என் மனதுக்கு ஒப்பவில்லை. அதற்கென்று ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

ஆகவே முதல் நாள் காலையில் குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். கோயில் மத்தியானம் நடைசாத்தி 3 மணி வாக்கில் திறக்கும். அப்போது மூன்றாம் பிரகாரத்துக்குப் போங்கள். கிழக்கு மேற்காக ஏறக்குறைய 690 அடி, வடக்கு தெற்காக 435 அடி, மொத்தம் 1212 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். நடக்கும்போது எண்ணிக்கை மறந்துபோகும். தூண்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு துளி வெளிச்சம் மட்டும் நிற்கும். மணலும் பவளப்பாறையுமான இந்தத் தீவில் கருங்கல் கிடையாது. இத்தனை கல்லும் கடல் தாண்டி வந்தவை. பிரகாரத்தை 18-ஆம் நூற்றாண்டில் முடித்துவைத்தவர் முத்துராமலிங்க சேதுபதி. மேற்கு வாசல் பக்கம் அவரும் அமைச்சர்கள் இருவரும் சிலையாக நிற்கிறார்கள். கூட்டத்தோடு போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து, ஒரு சுற்று முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

வெயில் தாழ்ந்ததும் பஸ் பிடித்துப் பாம்பன். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், போக்குவரத்து திணறும். ஓரமாக நடந்து போங்கள். பக்கத்திலேயே ரயில் பாலங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் கையால் நெம்பித்தான் கப்பலுக்கு வழிவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது பாலமில்லை, இருபக்கக் கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ள மீனவர்கள் முன்னதைப் பெண் கடல், பின்னதை ஆண் கடல் என்பார்கள். ஆடி மாதத் தென்காற்றில் தெற்கே அலை எகிறும்போது வடக்கே குளம்போலக் கிடக்கும். வாடைக் காற்று வந்தால் நிலைமை தலைகீழ். ஒரே இடத்தில் நின்று இரண்டையும் பார்த்துவிடலாம். இதற்கு டிக்கெட்டும் இல்லை, வரிசையும் இல்லை.

கலாம் நினைவிடமும் ராமநாதபுரம் அரண்மனை ஓவியங்களும் ஊர் திரும்பும் வழியில்தான் இருக்கின்றன. அவற்றைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் இரவு 9 மணிக்கே படுத்துவிட்டோம். மறுநாள் காலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம். 4 மணிக்கு அலாரம் அடிக்கும் முன்பே விளக்கைப் போட்டு, மாற்றுத் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார்.