ஆபீஸ் மேஜையில் வைத்த மணி பிளான்ட் ஏன் வாடுகிறது?

"தினமும் தண்ணி ஊத்துறேனே, அப்புறம் ஏன் இலை மஞ்சளாகுது?" என்று யோசிக்கிறீர்களா? செடியின் வரவு-செலவைப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஒளிச்சேர்க்கையின்போது, இலையில் உள்ள பசுங்கணிகம் வெளிச்சத்தைக் கொண்டு 'ஏடிபி' என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கிறது. இதைச் சேமித்து வைக்க முடியாது, உடனுக்குடன் செலவாகிவிடும். ஒரு குளுக்கோஸ் அளவுக்குச் சர்க்கரை உருவாக்கவே 18 ஏடிபி தேவை. அந்தச் சர்க்கரைதான் செடியின் சேமிப்பு.

சரி, ராத்திரியில்? நம்மைப் போலவே செடியும் சுவாசிக்கிறது. செல்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா, சர்க்கரையை உடைத்து மறுபடியும் ஏடிபி எடுக்கிறது. வெளிச்சமே படாத வேர், 24 மணி நேரமும் இப்படித்தான் பிழைக்கிறது.

டியூப்லைட் மட்டும் இருக்கும் மூலையில் வரவைவிடச் செலவு கூடினால், சேமிப்பு மெல்லக் கரையும். பாவம் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினால், ஈர மண்ணில் ஆக்சிஜன் கிடைக்காமல் வேர் சுவாசிக்க முடியாது, அழுகத் தொடங்கும்.

என்ன செய்யலாம்? தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். மேல்மண் காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள்.