தண்ணீரில் நீந்தும் கார் "கப்சிப்"! ஊமை ஹாரனைப் பேச வைப்பது எப்படி?

வண்டலூர் ஹெரால்டுக்கு ஒரு ஜெர்மன் "தம்பி"

இரும்புலியூர்,

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில், மதுரவாயல் பைபாஸ் பிரிகிற இரும்புலியூர் சந்திப்பில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். இரண்டு காதையும் பொத்திக்கொள்ளத் தோன்றும். பஸ் ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம், நடுவில் புகுந்து வரும் ஆட்டோ ஒரு பக்கம். எல்லாம் ஹாரன் சத்தம்தான்!

"எதுக்குய்யா இப்படி அடிக்கிறானுங்க?" என்று சலித்துக்கொள்ளாத ஆள் கிடையாது.

ஆனால் அதே ஹாரன் ஒருநாள் வாயை மூடிக்கொண்டால்? ரோட்டில் ஓடும் காருக்கே அது ஆபத்து. ரோட்டிலும் ஓடி, ஏரியிலும் இறங்கி நீந்துகிற காருக்கு ஹாரன் ஊமையானால் இரட்டை ஆபத்து!

காராவது, நீந்துவதாவது என்கிறீர்களா? கதை அல்ல, நிஜம்.

1961-ல் பிறந்த அதிசயம்

அந்தக் காரின் பெயர் "ஆம்பிகார் 770". ஹான்ஸ் டிரிப்பெல் என்ற ஜெர்மானியர் வடிவமைத்தது. 1961-ல் நியூயார்க் கண்காட்சியில் காட்டினார்கள். பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

தரையில் மணிக்கு 70 மைல், தண்ணீரில் 7. அதுதான் "770" என்ற பெயருக்குக் காரணம் என்று சொல்லி விற்றார்கள். என்ஜின் பின்பக்கம். பின் பம்பருக்குக் கீழே இரண்டு "புரொப்பெல்லர்". தண்ணீரில் இறங்கியதும் ஒரு லீவரைத் தள்ளினால் அவை சுற்ற ஆரம்பிக்கும். சுக்கான் தனியாகக் கிடையாது. முன் சக்கரங்களைத் திருப்பினால் கார் தண்ணீரிலும் திரும்பும்!

மொத்தம் செய்தது 3,878 கார்கள்தான்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த லிண்டன் ஜான்சன் இந்தக் கார் ஒன்றை வைத்திருந்தார். டெக்சாசில் உள்ள தன் பண்ணைக்கு வரும் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்குவார். "பிரேக் பிடிக்கலையே!" என்று கத்திக்கொண்டே நேராக ஏரிக்குள் விட்டுவிடுவார். விருந்தாளிகள் அலறுவார்கள். கார் மிதக்கும். ஜனாதிபதி சிரிப்பார்!

வண்டலூர் சொந்தம்

இரும்புலியூர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள இதில் ஒரு விஷயம் இருக்கிறது.

ஆம்பிகாரின் என்ஜின் ஜெர்மன் சரக்கு அல்ல. இங்கிலாந்தின் "டிரையம்ப் ஹெரால்டு 1200" காரில் இருந்த 1,147 சி.சி. பெட்ரோல் என்ஜின் அது. அந்த ஹெரால்டு குடும்பத்தின் இந்தியக் கிளை எங்கே இருந்தது தெரியுமா? இரும்புலியூரிலிருந்து பெருங்களத்தூர் தாண்டினால் வருகிற வண்டலூரில்! "ஸ்டாண்டர்டு மோட்டார்" கம்பெனி அங்கேதான் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" கார்களைச் செய்தது. அதுவும் அதே 1961-ல் ஆரம்பித்தது. இங்கே போட்டது 948 சி.சி. என்ஜின். அதே வம்சத்தின் சின்ன அளவு, அவ்வளவுதான். 4 கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவைத் தவிர வேறு எங்கும் செய்யப்படவில்லை.

அந்தத் தொழிற்சாலை மூடி வெகு காலம் ஆகிவிட்டது. ஆனால் ஹெரால்டு என்ஜினைக் கழற்றி மாட்டப் பழகிய கைக்கு ஆம்பிகாரின் என்ஜின் அறையைத் திறந்தால் அன்னிய முகம் தெரியாது. "அட, நம்ம வீட்டுப் பிள்ளை!" என்றுதான் தோன்றும்.

தண்ணீரில் ஹாரன் எதற்கு?

தண்ணீரில் குறுக்கே யார் வரப்போகிறார்கள் என்று நினைக்கக்கூடாது. படகு வரும். தண்ணீரில் பிரேக் கிடையாது. ஆகவே சத்தம்தான் பாஷை.

1972-ல் உலக நாடுகள் கூடிச் செய்த கடல் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. அதில் ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் உண்டு. சின்னதாக ஒரு தடவை அடித்தால், "நான் வலது பக்கம் திரும்புகிறேன்". இரண்டு தடவை என்றால் இடது பக்கம். மூன்று என்றால், "என்ஜினைப் பின்னோக்கி ஓட்டுகிறேன்". ஐந்து தடவை விடாமல் அடித்தால், "நீ என்ன செய்யப்போகிறாய் என்றே எனக்குப் புரியவில்லை" என்று அர்த்தம். 12 மீட்டருக்குக் குறைந்த சின்னப் படகுகூட, தகுந்தபடி சத்தம் எழுப்ப ஏதாவது ஒரு வழி வைத்திருக்க வேண்டும். ஆம்பிகாரின் நீளமோ நாலரை மீட்டர்கூட இல்லை.

தரையிலும் விடமாட்டார்கள். நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி மோட்டார் வண்டிக்கு ஹாரன் கட்டாயம். பல குரலில் அலறுகிற ஹாரனுக்குத்தான் தடை.

உள்ளே என்ன இருக்கிறது?

ஹாரன் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு மின்காந்தம். அதன் முன்னால் மெல்லிய இரும்புத் தகடு. பக்கத்தில் ஒரு ஜோடி "பாயிண்ட்". பட்டனை அழுத்தியதும் கரண்ட் பாயும், காந்தம் தகட்டை இழுக்கும். இழுத்த வேகத்தில் பாயிண்ட் பிரியும், கரண்ட் நின்றுபோகும், தகடு பழையபடி திரும்பும். திரும்பியதும் பாயிண்ட் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இப்படி நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. அந்த அதிர்வுதான் "பாம்... பாம்..."!

அந்தப் பாயிண்டில் பச்சை பூத்தால் போச்சு. தகடு துருப்பிடித்தால் தொண்டை கட்டிவிடும்.

பழைய கார் ஷெட்டுகளில் காதில் விழுகிற பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, ஹாரன் அவுட்டு. புதுசு வாங்கிடவா?"

"அவசரப்படாதே தம்பி. மொதல்ல பாட்டரியைப் பாரு. அப்புறம் பியூஸைப் பாரு. ஹாரனை அப்புறம் திட்டலாம்."

அதுதான் முறை. பாட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து ஹாரனுக்கு நேராகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சத்தம் வந்தால் ஹாரன் நல்ல பிள்ளை. குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறான். பட்டனை அழுத்தும்போது "ரிலே" டிக்கென்று சொல்கிறதா என்று கேட்க வேண்டும். டிக் சத்தம் வந்தால் பட்டன் வரை சரி. வரவில்லை என்றால் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் தொடுப்பில் கோளாறு இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஹாரன் பேசவில்லையா? "எர்த்"தைச் சந்தேகிக்க வேண்டும். பழைய வண்டிகளில் பாதி ரகளை அங்கேதான். காரின் உடம்பையே எர்த்தாக நம்பி ஒயரை முடுக்கியிருப்பார்கள். அந்த இடத்தில் துரு ஏறியிருந்தால் கரண்ட் போக வழி இருக்காது. சுரண்டிப் பளபளப்பாக்கி முடுக்க வேண்டும். தண்ணீரில் இறங்கும் வண்டிக்குப் பாட்டரி வரை தனி ஒயர் இழுத்துவிடுவது இன்னும் மேல்.

ஹாரனே கெட்டிருந்தால் பின்பக்கம் உள்ள திருகாணியைக் கால் சுற்றுக்குமேல் ஒரே தடவையில் திருப்பக்கூடாது. கொஞ்சம் திருப்பி, தொட்டாற்போல அடித்துப் பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் ரிவிட்டை வெட்டித் திறந்து, பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, புது "கேஸ்கட்" வைத்து, போல்ட்டு போட்டு மூட வேண்டும். மாட்டும்போது வாய் கீழே பார்த்திருக்க வேண்டும். மேலே பார்த்தால் தண்ணீர் தங்கும்.

ஊமை ஹாரன் சொல்லும் செய்தி

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

சாதாரணக் காரில் ஹாரன் கெட்டால் ஹாரன் மட்டும் கெட்டது என்று விட்டுவிடலாம். நீந்தும் காரில் விட முடியாது. அதன் உடம்பே படகு. எர்த் முனையில் துரு ஏறியிருக்கிறது என்றால், பக்கத்தில் தகடும் தகடும் சேருகிற இடத்தில் என்ன நடக்கிறது? உள்ளே கசிகிற தண்ணீரை வெளியே தள்ளும் பம்புக்கும் அதே பாட்டரிதானே சோறு போடுகிறது? அதற்கு கரண்ட் போகிறதா? ஏரியின் நடுவில் போய்க் கண்டுபிடிக்கிற சமாச்சாரம் அல்ல இது!

அதனால், கரையில் நிற்கும்போதே ஹாரனை ஒரு தடவை அடித்துப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. பாட்டரிக்கும் ஒயருக்கும் வைக்கிற பரீட்சை அது. குரல் மங்கினால் வண்டி தரையிலேயே இருக்கட்டும்.

நீந்தாத கார்களுக்கும் பாடம்

நீந்தத் தெரியாத கார்கள் நீந்த நேர்ந்ததைத் தாம்பரம் வட்டாரம் மறக்கவில்லை. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியது. கூரை மட்டும் தெரிய எத்தனையோ கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயல் வந்தபோது மறுபடியும் அதே பயம்.

மூழ்கிய காரில் சில சமயம் ஓர் அமானுஷ்யம் நடக்கும். உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். ஹாரன் மட்டும் தானாக அலறும்! பேய் இல்லை. பட்டனுக்கும் ரிலேக்கும் போகும் ஒயரில் தண்ணீர் புகுந்து பாலம் போட்டுவிட்டது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட காரில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய தப்பு. என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் உள்ளே உடைந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாகப் பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். ஹாரன், விளக்கு, பியூஸ் பெட்டி எல்லாம் காய்ந்து, சுத்தமான பிறகுதான் மறுபடி கரண்ட்.

நீந்தப் பிறந்த காருக்கே ஹாரனைச் சோதிக்காமல் தண்ணீர் ஆகாது. நீந்தப் பிறக்காத காருக்குச் சொல்லவா வேண்டும்?

அடுத்த மழைக்கு ஏரி நிரம்புவதற்கு முன்னால், வண்டியின் ஹாரனை ஒரு தடவை அடித்துப் பாருங்கள். இரும்புலியூர் சந்திப்பில் வேண்டாம். அங்கே உங்கள் ஹாரன் உங்களுக்கே கேட்காது!