ஓநாய் நட்பான கதை

மனிதன் தன் முதல் விலங்குத் தோழனை எவ்வாறு பெற்றான் என்பது, சரித்திரம் எழுதப்படுமுன் நிகழ்ந்த கதை. அதனைக் கற்பனை கொண்டு கூற முயன்ற படம், அல்பர்ட் ஹியூஸின் நெறியாள்கையில் 2018 இல் வெளிவந்த 'அல்பா'.

இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பனிக்கால ஐரோப்பா. காட்டெருது வேட்டையிலே பாறை விளிம்பினின்று வீழ்ந்த கேடா என்னும் இளைஞனை, இறந்தானெனக் கருதித் தந்தையே விட்டுச் செல்கிறான். உயிர் தப்பியவனை ஓநாய்க் கூட்டம் துரத்துகிறது. தன் கத்தியாற் காயமுற்றுக் கூட்டத்தாற் கைவிடப்பட்ட ஓர் ஓநாயைக் கொல்ல மனமின்றி, குகைக்குச் சுமந்து சென்று நீரூட்டிப் பேணுகிறான். தம் இனத்தாரைப் பிரிந்த இரு உயிர்கள் ஒன்றையொன்று தாங்கி வீடு திரும்புவதே கதை.

ஒரே பருவத்தில் ஓநாய் நாயாகிவிடுமா? ஆகாது, அதற்குப் பல தலைமுறைகள் சென்றிருக்கும். மனிதர் எறிந்த எச்சங்களை நாடி வந்த, அச்சங்குறைந்த ஓநாய்கள் தாமே பழகின என்பாரும் உளர். ஆயினும், படம் காட்டும் பரிவு வெறுங் கற்பனையன்று. ஜேர்மனியின் பொன் நகரருகே ஒபர்காசெலில் 1914 இல் ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. சுமார் 14,000 ஆண்டுகட்கு முன் ஓர் ஆணும் பெண்ணும், அவர்களுடன் ஏழு மாதமளவான நாய்க்குட்டியும் அங்கே அடக்கப்பட்டிருந்தனர். அதன் பற்களில் கொடிய நோயின் தடயங்கள் இருந்தன; மனிதர் வாரக்கணக்கிற் பேணியிராவிடின் அது பிழைத்திராது என்று 2018 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நோயுற்ற குட்டி வேட்டைக்கு உதவியிருக்குமா? பயன் கருதாத அன்பும் அன்றே இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஈழத்தில் ஓநாய் இல்லை, நரியே உண்டு. ஆயினும் வேடர் நாயுடன் வேட்டையாடியதை 1911 இல் செலிக்மன் தம்பதியர் நூலாக எழுதினர். எங்கள் வரிப்பத்தான்சேனையின் பெயரிலேயே சேனை இருக்கிறது. காடு வெட்டி விளைவித்தவர்க்கு, பன்றியும் யானையும் வரும் இரவில் நாயின் செவியே முதற் காவல். வீட்டினுள் அதனை அனுமதியாத நாமும் வயலில் அதனை நம்பினோம். குகைத் தோழரின் வாசலிற் கிடந்த நாயைத் திருமறை நினைவுகூர்வதையும் அறிவோம்.

கேடா நீரூட்டும் காட்சியைக் கண்டு உருகுகின்ற நாம், படலையண்டை நாவுலர்ந்து நிற்கும் நாய்க்குக் கல்லை எடுப்பது முறையாகுமா? ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும்.