பல்லிலிருந்து எலும்பு வளருமா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்க

பட்டாசு விபத்து எலும்பை என்ன பாடுபடுத்தும் என்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையோ தாடையோ நொறுங்கிய ஒருவர் வீட்டில் இருக்கும்போது, "குழந்தையோட பால் பல்லைச் சேமிச்சு வைங்க, அதிலிருந்தே எலும்பு வளர்க்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால் மனசு அசையத்தான் செய்யும். சரி, இதுல உண்மை எவ்வளவு?

ஆராய்ச்சி உண்மைதான்

பல்லுக்குள் இருக்கும் மென்மையான திசுவில் ஸ்டெம் செல்கள் உண்டு. வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூல செல்கள் இவை. 2000-ல் பெரியவர்களின் கடைவாய்ப் பல்லிலும், 2003-ல் விழுந்த பால் பல்லிலும் அமெரிக்க ஆய்வாளர்கள் இவற்றைக் கண்டறிந்தார்கள்.

2009-ல் இத்தாலிய மருத்துவர்கள், ஞானப்பல் எடுத்த குழியில் இந்தச் செல்களைக் கொலாஜன் பஞ்சோடு வைத்துத் தாடை எலும்பை வளர்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அங்கே இயல்பாக இருக்க வேண்டிய பஞ்சு போன்ற எலும்புக்குப் பதிலாகக் கெட்டியான எலும்பு இருந்தது. சின்னக் குழிக்கே இந்த நிலை என்றால், வெடியில் சிதறிய எலும்புக்கு இது இன்னும் சிகிச்சை ஆகவில்லை.

சட்டம், விதி என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றவை எல்லாம் ஆய்வு மட்டுமே. தொப்புள்கொடி ரத்தம் தவிர, பல் உட்பட வேறு எதையும் வணிக ரீதியாகச் சேமிக்க அனுமதியில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

* "ஆய்வு" என்று சொன்னால் சிடிஆர்ஐ பதிவு எண்ணைக் கேளுங்க. அது சரியா என்று உங்கள் போனிலேயே அந்த இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.
* ஆய்வில் சேர்பவரிடம் அந்த ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. கேட்டால் விலகிடுங்க.
* ஏற்கெனவே கட்டிட்டீங்களா? ரசீதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்க.

எலும்பு இழப்புக்கு இன்றைக்கே சிகிச்சை இருக்கு. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பொருத்துவது பல ஆண்டுகளாக நடக்கும் அறுவை சிகிச்சை. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆலோசனை கேளுங்க. தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துச் செல்லுங்க. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி அறிய: 1800 425 3993. மருத்துவ ஆலோசனைக்கு: 104.