சூழொலியும் பழைய இசைத்தட்டுகளும்

பழைய இசைத்தட்டொன்றின் இரைச்சலை நீக்கித் தெளிவாக்கி வெளியிடுதல் ஒன்று. அதனையே கேட்போனைச் சூழ்ந்து நின்று ஒலிக்குமாறு ஆக்குதல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரு தொழிலெனவே எண்ணுவார் நம்முள் பலர். அவை வேறாதலை ஓர் இசைத்தொகுப்பின் வரலாறு கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஆங்கில நாட்டுப் பிங்க் ஃபிளாய்ட் என்னும் ராக் இசைக்குழுவினர், 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' என்னும் தொகுப்பை லண்டன் மாநகரின் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்திற் பதிவு செய்து 1973ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். அக்காலத்து முறை யாதெனின், காந்த நாடாவொன்றில் 16 தடங்கள் வகுத்து, குரல், கிதார், முரசு முதலியவற்றைத் தனித்தனியே பதிவர். பின்னர் அவற்றையெல்லாம் கலந்து இடம், வலம் என்னும் இரண்டு வழிகளில் அடக்குவர். இதுவே ஸ்டீரியோ. கலந்தபின் பிரித்தல் அன்னப்பறவைக்கும் அரிது. ஆதலின் சூழொலி வேண்டுவோர், முடிந்த தட்டை விடுத்து மூல நாடாக்களை நாடிச் சென்று மீண்டும் கலத்தல் வேண்டும்.

இத்தொகுப்பிற்கு 1973லேயே பார்சன்ஸ் நான்கு வழிக் கலவை ஒன்றும் செய்தார். 'டைம்' என்னும் பாட்டின் தொடக்கத்தில் ஒருங்கே முழங்கும் கடிகாரங்கள், பழங்கடிகாரக் கடையொன்றில் அவர் ஒவ்வொன்றாகப் பதிந்தவை. நான்கு வழி ஒலியின் திறத்தைக் காட்டும்பொருட்டே பதிந்தவை. எனவே சூழொலி இத்தொகுப்பிற்குப் பிற்காலத்தார் பூட்டிய அணியன்று, உடன்பிறந்ததாகும்.

ஆயினும் அம்முறை அன்று நிலைபெறவில்லை. நான்கு வழிகளை இரண்டாக மடித்துத் தட்டின் பள்ளத்தில் அடக்கி, வீட்டிற் கேட்கும்போது விரித்தனர். விரித்தவிடத்து ஒரு வழியின் ஒலி மற்றொன்றிற் கசிந்தது. நிறுவனங்களோ தத்தமக்கென ஒவ்வாத முறைகளைக் கையாண்டன. மக்கள் சலித்துக் கைவிட்டனர்.

நிற்க. சூப்பர் ஆடியோ சி.டி. என்னும் உயர்திறத் தட்டு 1999ல் வெளிவந்தது. சாதாரணச் சி.டி. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து குறிக்கும். இதுவோ ஒவ்வொரு முறையும் ஒரே பிட் அளவாக, நொடிக்கு 28,22,400 முறை குறிக்கும். இவ்வெண்களைக் கண்டு மயங்க வேண்டா. இத்தட்டின் சிறப்பு, முன்னே மூன்று, பின்னே இரண்டு, தாழொலிக்கு ஒன்று ஆக ஆறு வழிகளையும் கசிவின்றித் தாங்குதலே என்பது எம் கருத்து. இவ்வமைப்பையே 5.1 என்பர்.

2003ல் இத்தொகுப்பு அத்தட்டில் ஏறியது. பார்சன்ஸின் பழைய கலவையைக் குழுவினர் கொள்ளவில்லை. 'தி வால்' தொகுப்புக் காலமுதல் தம்மோடு பழகிய ஜேம்ஸ் கத்ரியைக் கொண்டு புதிதாய்க் கலப்பித்தனர். பார்சன்ஸ் அதனைப் பெரும்பாலும் பாராட்டினார். ஆனால் முதற்கலவைக்கு அது சற்று மிகையாகவே அடங்கி நடந்ததென்று குறையும் கூறினார். முதல் வினைஞரே, பின்வந்தவர் அளவு கடந்து உண்மையாயிருந்தாரெனக் குறைகூறல் விந்தையன்றோ!

ஏட்டுச்சுவடி பதிப்பிப்போர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. எதனை மூலமெனக் கொள்வது? கிங் கிரிம்ஸன் குழுவினரின் 1969ஆம் ஆண்டு முதல் தொகுப்பு 8 தடங்களிற் பதியப்பெற்றது. தடம் போதாமையாற் பல ஒலிகளைச் சேர்த்துப் படியெடுத்துப் படியெடுத்து இடம் தேடினர். படிதோறும் தெளிவு குன்றியது. 2009ல் ஸ்டீவன் வில்சன், குழுவின் ராபர்ட் ஃபிரிப்புடன் சேர்ந்து, படியெடுப்பதற்கு முந்திய நாடாக்களைக் கொண்டு அதனைக் கலந்தார். அங்கே வேண்டியது அடக்கமே. மறைந்தது வெளிப்பட்டாற் போதும். பிங்க் ஃபிளாய்டின் நிலை வேறு. சூழொலியை நினைந்தே ஒரு பகுதி பதியப்பட்டிருக்க, இருவழிக் கலவையொன்றையே மூலமெனக் கொள்ளுதல் பாதி மூலத்திற்கே உண்மையாதலாகும். இவ்வளவில் யாம் பார்சன்ஸின் பக்கம். எனினும் பாட்டை யாத்தவர் அவரல்லர். யார் கலக்க வேண்டுமென்று தெரிதல் குழுவினர்க்குரிய உரிமை என்பாரை மறுத்தற்கும் எம்மால் இயலவில்லை.

பார்சன்ஸின் நான்கு வழிக் கலவை 2011ல் வந்த பெருந்தொகுதியிற் கசிவற்ற தட்டில் மீண்டும் வெளியாயிற்று. கத்ரி 2023ல், தலைக்குமேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் முறையில் மற்றுமொரு கலவை தந்தார். வாய்ப்புடையோர் இவற்றின் கடிகாரங்களை அடுத்தடுத்துக் கேட்டுத் தாமே தீர்ப்பளிக்கலாம்.