பூட்டிய கதவும் முத்திரை இயந்திரமும்

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில், ஆரவல்லி மலைச்சரிவெங்கும் கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. காய்ச்சல் கண்ட பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு நடந்து வந்த தாய் ஒரு காலத்தில் அங்கே பார்த்தது பெரும்பாலும் பூட்டைத்தான். 2002-03இல் ஆய்வாளர்கள் இந்த நிலையங்களுக்குத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். வேலை நேரத்திலேயே 56 சதவீத முறை கதவு சாத்தியிருந்தது. செவிலியர் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயிருப்பாரோ என்று தேடினார்கள். அப்படிக் கதவு சாத்தியிருந்த நேரங்களில் 12 சதவீதம்தான் அவர் அருகில் எங்காவது வேலையில் இருந்தார். இன்ன கிழமையில் வந்தால் திறந்திருக்கும் என்ற கணக்கும் இல்லை. இலவச மருத்துவத்தை விட்டுவிட்டு, ஏழைகள் காசு கொடுத்துப் பட்டம் இல்லாத வைத்தியரிடமும் போபா எனப்படும் மந்திரவாதியிடமும் போனார்கள்.

அரசு ஊழியரின் பணி நெறி என்றதும் நமக்கு லஞ்சம்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு பைசா வாங்காதவரும் சேவையை அடியோடு நிறுத்திவிட முடியும். வேலைக்கு வராமல் இருந்தாலே போதும். 2003இல் இந்தியா முழுக்க முன்னறிவிப்பின்றி நடந்த சோதனைகளில், அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் நான்கில் ஒருவர் பள்ளியில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களிடையே வராதவர் விகிதம் சுமார் 40 சதவீதமாக இருந்தது. லஞ்சம் கேட்டால் புகார் கொடுக்கலாம். காலி நாற்காலியைப் பற்றிப் புகார் எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

உதய்ப்பூர் நிர்வாகம் இதைச் சரிசெய்ய ஒருமுறை உண்மையாகவே முயன்றது. 2006இல், சேவா மந்திர் என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தின் உதவியோடு, பல நிலையங்களில் தேதியும் நேரமும் பதிக்கும் முத்திரை இயந்திரங்கள் வைக்கப்பட்டன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும், ரேச்சல் கிளென்னர்ஸ்டரும் இதன் விளைவை அளந்தார்கள். கண்காணிப்பு நாட்களில் செவிலியர் காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று முறை பதிவேட்டில் முத்திரை குத்த வேண்டும். ஒரு மாதத்தில் அந்த நாட்களில் பாதிக்கு மேல் வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும். அடுத்த மாதமும் அப்படியே நடந்தால் பணியிடை நீக்கம்.

முதல் ஆறு மாதம் நம்பிக்கை தந்தது. இயந்திரம் இல்லாத இடங்களில் வருகை 30 சதவீத அளவில் நிற்க, இயந்திரம் உள்ள இடங்களில் அது 60ஐத் தொட்டது. பதினாறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு இடமும் ஒன்றாகிவிட்டன. இயந்திரங்கள் பழுதாயின; சில, சுவரில் ஓங்கி அடித்தது போல் உடைந்து கிடந்தன. ஆனால் திட்டத்தைக் கொன்றது உடைப்பு அல்ல. பதிவேட்டில் 'விலக்கு நாள்' என்ற குறிப்பு பெருகிக்கொண்டே போனது. அன்று கூட்டம், இன்று கணக்கெடுப்பு, நாளை முகாம் என்று காரணம் எழுதப்பட்டது, மேலதிகாரி கையெழுத்திட்டார். "சார் ஆபீஸ் வேலையா வெளியே போயிருக்காரு" என்று நம்மூர் அலுவலகங்களில் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல. செவிலியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. அவர் வராததை மன்னித்துக் கையெழுத்திட்ட கைக்கும் இதில் சரிபாதி பங்கு உண்டு.

யார் வேலைக்கு வந்து சேர்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆய்வாளர்கள் ரேமா ஹன்னாவும் ஷிங்-யி வாங்கும் பெங்களூரு கல்லூரி மாணவர்களிடம் ஒரு பகடையைக் கொடுத்தார்கள். தனியாக உட்கார்ந்து 42 முறை உருட்டி, விழுந்த எண்களை எழுதித் தர வேண்டும். எண் கூடக் கூடப் பணம் கூடும். நம்ப முடியாத அளவுக்குப் பெரிய எண்களை எழுதியவர்களிடம் அரசு வேலை ஆசை அதிகமாக இருந்தது. அதே பகடையில் பொய் சொன்ன அரசுச் செவிலியர்கள் முறைகேடாக வேலைக்கு மட்டம் போடுவதும் அதிகமாக இருந்தது. டென்மார்க்கில் இதே போன்ற சோதனை நேர்மாறான முடிவைத் தந்தது: அங்கே நேர்மையான மாணவர்களே அரசுப் பணியை விரும்பினார்கள். ஆக, அரசு வேலை பொய்யரைத்தான் ஈர்க்கும் என்பது இயற்கை விதி அல்ல. அந்த வேலைக்கு ஊரில் என்ன பெயர் இருக்கிறதோ, அதற்கேற்ற ஆட்கள் வருகிறார்கள்.

அந்தப் பெயரை மாற்றிக் காட்டியது பிரேசிலின் வறண்ட வடகிழக்கு மாநிலமான சியாரா. ஆய்வாளர் ஜூடித் டெண்ட்லர் 1997இல் எழுதிய நூலில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். 1987இல் தொடங்கிய கிராம சுகாதாரப் பணியாளர் திட்டம் அது. ஊழியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிதான். சில ஆண்டுகளில் தட்டம்மை, போலியோ தடுப்பூசி 25 சதவீதத்திலிருந்து 90க்கு உயர்ந்தது. ஆயிரத்துக்கு 102ஆக இருந்த சிசு மரணம் 65ஆகக் குறைந்தது.

தொடக்கத்தில் தாய்மார்கள் கதவைத் திறக்கவே அஞ்சினார்கள். பணியாளர்கள் சமையலில் கைகொடுத்தார்கள், குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். அதன்பிறகே மருந்துப் பேச்சை எடுத்தார்கள். அரசும் அவர்களை ஊரறியப் பாராட்டியது. ஆளெடுப்பில் அது செய்த காரியம்தான் அதைவிட முக்கியம். தேர்வாகாதவர்களிடம் அதிகாரிகள் வேலை விதிகளை விளக்கினார்கள்: பணியாளர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும், நாளுக்கு எட்டு மணி நேரம் உழைக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும், எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது. இதில் எது தவறினாலும் எங்களிடம் வந்து சொல்லுங்கள் என்றார்கள். வேலை கிடைக்காமல் வீடு திரும்பிய அத்தனை பேரும், அந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டே ஊர் திரும்பினார்கள்.